மரத்தைத் தாண்டாத வேன்

"கார்ல ஐஸ்கிரீம் ஏதும் வச்சிருக்கீங்களா ஹாஜியார்?"

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ராஜமாணிக்கம் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஒரு துப்பறியும் நிறுவனத்தின் உதவியாளர் கேட்கிற கேள்வியா இது என்று, பக்கத்தில் இருந்த கமலாசனி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தாள். முன்சீட்டில் இருந்த ஹுஸைன் ஹாஜியார் இரண்டு தரம் காற்றை உறிஞ்சிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் மணக்கல்லயே."

"கார் சென்ட்டுங்க அது" என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த யுகேஷ். ஹாஜியாரின் கராம்புத் தொழிற்சாலையில் ஏழு வருஷமாக ஸ்டோர் கிளார்க் அவன்தான்; ஹாஜியாரின் காரை ஓட்டுவதும் அவன்தான்.

மாணிக்கம் வயிற்றைத் தடவிக்கொண்டான். காலையில் ஒரு பிளேன்டீயோடு வந்தவன். பசி வந்தால் மூக்கும் பொய் சொல்லும்போல என்று நினைத்து விட்டுவிட்டான்.

நாவலப்பிட்டி – கண்டி பஸ்ஸில் பதினான்கு வருஷம் கண்டக்டராக இருந்தவன் மாணிக்கம். கடுகண்ணாவை மலை வளைவுகள் இல்லாத ரோட்டிலேயே வளைவைக் கண்டால் தலை சுற்றுகிற கண்டக்டர் இலங்கையில் அவன் ஒருவன்தான் இருந்திருப்பான். கடைசியில் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கமலாசனியிடம் சேர்ந்தான். அவளோ ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களின் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, பென்சனை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, கண்டி கொட்டுகொடல்லை வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே துப்பறியும் நிறுவனம் திறந்தவள். ஏன் இந்த வேலை என்று கேட்டால், "என்ர கண்ணால கண்டனான் எண்டு சொல்லுறவையை இருபத்திரண்டு வருஷம் சோதிச்சிட்டன், இனி சம்பளத்தோட சோதிப்பம்" என்பாள்.

கார் திகனப் பக்கம் திரும்பும்போது ஹாஜியார் விஷயத்துக்கு வந்தார்.

"காலையில பத்தே காலுக்கு ஸ்டோர்ல ஈந்த வனிலா டின், பத்தரைக்கு இல்ல. ஒரு கிலோ, பொன் விலை. நாளைக்கு வெளிநாட்டுக்காரனுக்குக் காட்ட வச்ச சாம்பிள். கேட் பூட்டித்தான் ஈந்திச்சு. ஆக்கள்ட பை, அலுமாரி, வேன் எல்லாம் தலைகீழாப் பொரட்டிப் பாத்துட்டோம்."

"ஆரிலயாவது சந்தேகமோ?" கமலாசனி கேட்டாள்.

"வேன் டிரைவர் ரமேஸ். காலையில இருந்து வேன் அசையவே இல்லண்டு செல்றான். ஆனா பத்தே இருவதுக்கு வேன் கேட் பக்கமா ஓடினத உம்மு குல்சும் தன்ட கண்ணால பாத்திச்சு. கேட்டுப் பக்கத்துல மதில் குட்டை. வேன் மேல ஏறி எறிஞ்சா வெளிய ஒருத்தன் பிடிச்சிட்டுப் போயிருவான். காவல்காரன் வெளிய ரோட்டப் பாத்து இருக்கிறவன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"அந்த அம்மா பொய் சொல்லுறவவோ?"

"முப்பது வருஷமா எனக்கிட்ட வேலை. ஒரு பொய் கேட்டதில்ல." ஹாஜியார் பெருமூச்சு விட்டார். "ரமேஸ்ட வாப்பாவும் எனக்கிட்டத்தான் வேன் ஓடினவர். அதுதான் பொலிஸுக்கு முன்ன உங்களத் தேடி வந்தேன். பகல் ளுஹர் தொழுதிட்டு வருவேன். அதுக்குள்ள வேற ஒரு பதில் இல்லாட்டி நான் அவனக் கொண்டுபோய்க் குடுக்கத்தான் ஓணும்."

மாணிக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றே முக்கால்.

* * *

தொழிற்சாலைக்குள் கால் வைத்ததும் கராம்பு மணம் மாணிக்கத்தின் மூக்கில் ஓங்கிக் குத்தியது. தும்மினான். இன்னொரு தரம் தும்மினான். பத்து நிமிஷத்தில் அந்த மணமும் இல்லாமல் போய்விட்டது.

"மணம் போயிட்டுக்கா. மூக்கு செத்துட்டுது."

"மூக்குச் சாகேல்லை. மாறாத செய்தியைத் திருப்பித் திருப்பிச் சொல்ல நரம்புக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்" என்று கமலாசனி நடந்துகொண்டே சொன்னாள்.

ரமேஸ் அலுவலகத்தில் ஒரு கதிரையில் கூனிக்குறுகி இருந்தான். இருபத்தெட்டு வயசு. மடித்து மடித்துக் கிழியப்போகிற ஒரு கடிதம் கையில் இருந்தது. மாணிக்கம் அதை வாங்கிப் பார்த்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு, அரசாங்க பஸ் சாரதி வேலைக்கு நேர்முகத் தேர்வு.

"பொலிஸ்ல ஒரு பதிவு விழுந்துட்டா இது செல்லாதுங்க" என்றான் ரமேஸ். "எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிருவேன். நான் எடுக்கல. வேனும் ஓடல."

"பத்தே இருபதுக்கு வேனில என்ன செய்து கொண்டிருந்தனீங்கள்?"

"சும்மா இருந்தேங்க."

"தனியவோ?"

"தனியாத்தான்." சொல்லும்போது அவனுடைய இரண்டு காதும் சிவந்துபோனதை மாணிக்கம் பார்த்தான். டிக்கட் எடுக்காத பயணியின் காதுகள் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் டிக்கட் எடுக்காதவன் எல்லாம் திருடன் இல்லையே. பாவம், இந்தப் பொடியன் நாளைக்கு ஒன்பது மணிக்கு அங்கே போயாக வேண்டும் என்று மாணிக்கத்துக்கு மனசு அடித்துக்கொண்டது.

பெரிய மண்டபத்தின் நடுவே நீளமான ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலே கராம்பு ஆறாகப் போனது. பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் இருந்து கல்லையும் காம்பையும் பொறுக்கினார்கள். ஒரு வரிசை ஜன்னலைப் பார்த்து இருந்தது. எதிர்வரிசை ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே முற்றம், ஒரு சாதிக்காய் மரம், அதற்கு ஒரு முழம் இடது பக்கத்தில் வேன். கேட் வலது பக்கம்.

உம்மு குல்சும் ஜன்னலைப் பார்க்கிற வரிசையில் மூன்றாவது கதிரை. தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தாள்.

"நான் பொய் செல்லல்ல தங்கச்சி. பெல்ட்ல இருந்து கண்ண எடுத்துப் பாத்தேன். வேன் கேட் பக்கமா மெல்லமா ஊந்திட்டுப் போச்சு. பொறகு நிண்டுட்டு."

"எங்க நிண்டது?"

"மரத்துக்கு இங்கால."

"போகத் தொடங்கேக்க எங்க நிண்டது?"

உம்மு குல்சும் வாயைத் திறந்தாள், மூடினாள். "அதுதான் எனக்கும் ஒரு மாதிரி. அப்பவும் மரத்துக்கு இங்கால ஒரு முழந்தான். போய்ட்டே ஈந்திச்சு, ஆனா மரத்தத் தாண்டல்ல."

"போய்க்கிட்டே இருந்துச்சு, ஆனா போகல" என்றான் மாணிக்கம். "ராத்தா, நான் வேலை செஞ்ச நாவலப்பிட்டி பஸ்கூட அவ்வளவு மோசமில்லை."

பெல்ட் முழுக்கச் சிரிப்பு. ஆனால் கமலாசனி சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் பேனா மூடியைக் கடித்தால் உள்ளே வெடி கொளுத்தியாயிற்று என்று அர்த்தம்.

"அம்மா, கராம்பு ஓடேக்க அதைக் கண்ணால துரத்துவியளோ?"

"துரத்தினா தலை சுத்தும். புதுசா வார புள்ளைகள்தான் துரத்தும், மூணு நாள்ல வாந்தி எடுத்திட்டு வூட்டுக்குப் போயிரும். நாங்க ஒரே எடத்தப் பாத்திட்டு இருப்போம். கராம்பு தானா வந்து தானாப் போகும். கல்லு வந்தா கை எடுக்கும்."

"மாணிக்கம்!" கமலாசனியின் குரல் துள்ளியது. "அவவின்ர கதிரையில இருங்கோ. ஒரே இடத்தைப் பாருங்கோ. துரத்தக் கூடாது. ரெண்டு நிமிஷம்."

"அக்கா, நான் கராம்பைப் பாக்குறதுக்கா ஹாஜியார் கார்ல கூட்டிட்டு வந்தாரு?"

"இருங்கோ எண்டால் இருங்கோ."

இருந்தான். அவனுக்கு முன்னால் கராம்பு இடமிருந்து வலமாக ஓடியது. முதலில் கண் தானாகவே பின்னால் ஓடப் பார்த்தது. இழுத்துப் பிடித்தான். ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தியதும், கராம்பெல்லாம் கலங்கி ஒரே மண்ணிற ஓட்டமாகிவிட்டது. ரெண்டு நிமிஷம் ஆயிற்று.

"இப்ப ஜன்னலைப் பாருங்கோ!"

மாணிக்கம் நிமிர்ந்து பார்த்தான். அடுத்த கணம் "ஐயோ!" என்று கதிரையைப் பிடித்துக்கொண்டான்.

"வேன் ஓடுது அக்கா! மரமும் சேர்ந்து ஓடுது! ஜன்னலே ஓடுது! ஆனா... ஆனா எல்லாம் இருந்த எடத்துலயேதான் இருக்கு! எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுதா?"

"இல்லை, உங்களுக்கு மூளை இருக்கெண்டு இண்டைக்குத்தான் நிரூபிச்சிருக்கிறியள்" என்று கமலாசனி கைதட்டினாள். பெண்களும் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். "கேளுங்கோ. கண் கமரா இல்லை. விழித்திரை மூளைக்குப் படம் அனுப்பிறேல்லை, துடிப்புத்தான் அனுப்பும். டிக், டிக், டிக். எங்க விளிம்பு, எங்க மாற்றம், அவ்வளவுதான் செய்தி. அதை வச்சு மூளை கணக்குப் போடும். மூளையில, வலப்பக்கம் போறதைக் கண்டால் துடிக்கிற நரம்புக் கலங்கள் ஒரு கூட்டம். இடப்பக்கம் போறதுக்கு இன்னொரு கூட்டம். நிக்கிற பொருளைப் பார்த்தால் ரெண்டு கூட்டமும் சமனாச் சத்தம் போடும். சமனெண்டால், மூளைக்கு அது நிக்குது."

"கண்டி பஸ் ஸ்டாண்ட்ல ரெண்டு கண்டக்டர் கத்துற மாதிரி" என்றான் மாணிக்கம். "ஒருத்தன் கொழும்பு, கொழும்பு. இன்னொருத்தன் நாவலப்பிட்டி, நாவலப்பிட்டி."

"அதேதான்! இப்ப கொழும்புக்காரனை மட்டும் ஒரு மணித்தியாலம் விடாமக் கத்த வச்சால்?"

"தொண்டை கட்டிரும்."

"பிறகு ரெண்டு பேரும் கத்தினாலும்?"

"நாவலப்பிட்டிதான் கேக்கும். பஸ்ஸே இல்லாட்டியும் சனம் அந்தப் பக்கம் ஓடும்!" மாணிக்கம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அப்ப வேன் ஓடல. பெல்ட்டைப் பார்த்துப் பார்த்துக் களைச்ச கண்ணுக்கு ஓடின மாதிரித் தெரிஞ்சிருக்கு. ராத்தாவும் பொய் சொல்லல, ரமேஸும் பொய் சொல்லல!"

"ஓம். ஆனால் வேன் எந்தப் பக்கம் ஓடினது உங்களுக்கு?"

"இந்தப் பக்கம்" என்று மாணிக்கம் இடது கையைக் காட்டினான்.

கமலாசனியின் முகம் சட்டென்று விழுந்தது. பெல்ட் வலப்பக்கம் ஓடினால், பிறகு பார்க்கிற பொருள் இடப்பக்கம் ஓடும். கேட்டோ வலப்பக்கம். உம்மு குல்சும் பார்த்த வேன் கேட் பக்கமாக அல்லவா ஓடியது!

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. அங்கே நின்ற ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கேட்டைத் திறக்கச் சொல்லி, பக்கத்துப் பள்ளிவாசலுக்கு நடந்தார். வாசலில் வந்து நின்ற ரமேஸ் சுவரில் சாய்ந்தான். கையில் இருந்த கடிதம் கீழே விழுந்தது, அவன் குனியவில்லை.

மாணிக்கம் தலையில் கைவைத்தான். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசி வளைவில் இப்படிக் கவிழ்ந்துவிட்டதே.

கமலாசனி பெல்ட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இன்னொரு சுற்று. எதிர்வரிசையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி இருக்கிற மூன்றாவது கதிரைக்குப் பின்னால் வந்ததும் நின்றாள். பேனா மூடி வாய்க்குப் போனது.

"மாணிக்கம், இங்க வந்து இருங்கோ."

"இன்னொரு தரமா? அக்கா, வயித்துல இருக்கிறது ஒரு பிளேன்டீதான். அதையாவது விட்டு வைங்க."

எதிர்க்கதிரையில் இருந்தபோது அதே பெல்ட் வலமிருந்து இடமாக ஓடியது. ரெண்டு நிமிஷம். "இப்ப கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பாருங்கோ!" திரும்பினான். வேன் சாவகாசமாக வலப்பக்கம், கேட்டை நோக்கி ஊர்ந்தது. மரத்தைத் தாண்டவில்லை.

"கேட் பக்கம் போகுது!" மாணிக்கம் கூவினான்.

கமலாசனி உம்மு குல்சுமின் பக்கம் திரும்பினாள். "அம்மா, பத்தே இருபதுக்கு நீங்கள் உங்கட கதிரையில இருக்கேல்லை. இந்தக் கதிரையில இருந்தனீங்கள். இது ஆரின்ர கதிரை?"

உம்மு குல்சும் முக்காட்டு நுனியைத் திருகினாள். "கேக்காதீங்க தங்கச்சி. செல்ல மாட்டேண்டு வாக்குக் குடுத்திட்டேன்."

சுப்பவைசரின் கண்ணாடி அறையை மாணிக்கம் பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலுக்கு முதுகு காட்டி இருக்கிற வரிசையின் தலைகள் மட்டும்தான் தெரியும், மற்ற வரிசையைத் தூண்கள் மறைத்தன. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தக் கண்டக்டருக்குத்தான் இந்தக் கள்ளம் தெரியாது? அந்த வரிசைப் பெண்ணுக்குப் பத்து நிமிஷம் வெளியே போக வேண்டுமென்றால், எதிரில் இருப்பவள் வந்து அந்தக் கதிரையில் இருந்துகொள்வாள். அறையிலிருந்து எண்ணினால் தலைக்கணக்கு சரியாக இருக்கும். பெல்ட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு, வெளியில் ஒருத்தரும் மூச்சு விடமாட்டார்கள்.

"அப்ப இந்தக் கதிரைக்காரிதான் ஸ்டோருக்குப் போயிருக்கா!" என்றான் யுகேஷ். அவன் எப்போது வந்து நின்றான் என்று மாணிக்கம் கவனிக்கவில்லை.

"நான் ஸ்டோருக்குப் போகல."

கூட்டத்திலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். பிரேமிளா. இருபத்தைந்து வயசு இருக்கும், கை முழுக்கக் கராம்புத் தூள்.

"பிரேமிளா, வேணாம்!" என்றான் ரமேஸ்.

"நீங்க பேசாம இருங்க. எனக்காகச் சிறைக்குப் போவீங்களோ?" அவள் கமலாசனியைப் பார்த்தாள். "வேன்ல இவரோட நான்தான் இருந்தேங்க. இந்த பஸ் வேலை கிடைச்சா எங்க வீட்டுல வந்து பொண்ணு கேக்கிறேன்னாரு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாரு. வேன் ஸ்டார்ட் பண்ணவே இல்ல. நாங்க எங்கயும் போகல."

"நான் திரும்பிப் பாத்தது அதுக்குத்தான்" என்று உம்மு குல்சும் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "புள்ள வாராளாண்டு பாத்தா வேன் கேட்டுக்கு ஓடுது! ரெண்டும் ஓடிப் போகுதுண்டு நெஞ்சு பதறிப் போச்சு. கண்ணக் கசக்கிப் பாத்தா நிக்கிது. ஹாஜியார் வேன் ஓடிச்சாண்டு கேட்டார், ஓடிச்செண்டேன். மத்தத எப்படிச் செல்ல?"

பெல்ட் வரிசையே கைதட்டியது. மாணிக்கமும் கைதட்டினான். தட்டின கையோடு மண்டபம் முழுவதும் ஒரு தரம் சுழன்றது. மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"மாணிக்கம், முகம் வெளிறிப் போச்சு. போய்க் காத்துப் படுற இடத்தில இருங்கோ" என்றாள் கமலாசனி.

* * *

முற்றத்தில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மாணிக்கம் சாதிக்காய் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி கால் மணித்தியாலம் நின்றான். அது அசையவில்லை என்பதில் அவனுக்குப் பெரிய ஆறுதல். ஈரக் காற்றை இழுத்து இழுத்து விட்டான்.

தொழுகை முடிந்து ஹாஜியார் கேட்டுக்குள் வருவதும், கமலாசனி எல்லாவற்றையும் சொல்வதும் காதில் விழுந்தது. ஹாஜியார் தலையசைத்துத் தலையசைத்துக் கேட்டார்.

"எல்லாம் சரி. வேன் போகல்ல. அப்ப என்ட டின் எங்க? கேட் வழியால வேற ஒண்ணும் வெளிய போகல்லயே!"

"ஹாஜியார், இதெல்லாம் பேசிக்கிட்டு நேரத்தை வீணாக்காம பொலிஸுக்கே போவோம்" என்றான் யுகேஷ். "ரெண்டு பேரும் சேர்ந்து சொல்ற கதைதானே இது. நான் காரை எடுக்கிறேன்."

கார். சாய்ந்து இருக்க ஒரு சீட். மாணிக்கத்துக்கு அந்தச் சொல் அமிர்தமாகக் கேட்டது. தள்ளாடிப் போய்ப் பின்கதவைத் திறந்தான்.

"ஐஸ்கிரீம்!"

எல்லாரும் திரும்பினார்கள். மாணிக்கம் காருக்குள் தலையை விட்டுச் சுற்றிப் பார்த்தான். கண்ணாடியில் ஒன்றும் தொங்கவில்லை. டாஷ்போர்டில் ஒன்றும் இல்லை. கார் சென்ட் என்று ஒரு பொருளே அந்தக் காரில் இல்லை.

"அக்கா! கேட் வழியா வேற ஒண்ணும் போகலயா? இது போச்சே! நம்மளக் கூட்டிட்டு வரப் போச்சே!"

கமலாசனி செருப்பு வழுக்க ஓடி வந்தாள். மாணிக்கம் டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, கார் துடைக்கிற துணியில் சுற்றிய தட்டையான ஒரு டின்னை இழுத்தான். மூடி ஒரு பக்கம் சரியாகப் பூட்டுப்படவில்லை.

"திறந்து மணந்து பார்த்திருக்கிறார்" என்றாள் கமலாசனி மெதுவாக. "ஏழு வருஷம் கராம்புக்குள்ள இருந்த மூக்கு. தனக்கு மணக்கேல்லை எண்டதும் ஒருத்தருக்கும் மணக்காது எண்டு நினைச்சிட்டார்."

"என்னையும் ஏத்திட்டு, டின்னையும் ஏத்திட்டு, துப்பறியிறவங்களத் தேடிப் போயிருக்கான்!" ஹாஜியாரின் குரல் உடைந்தது. "என்ட காரை யாரும் சோதிக்க மாட்டாங்கண்டு தெரியும் ஒனக்கு. பின்னேரம் கழுவ எடுத்திட்டுப் போய் எறக்கியிருப்பாய், இல்லயா?"

யுகேஷ் கேட்டைப் பார்த்தான். அங்கே காவல்காரர் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, இன்றைக்கு முதல் தடவையாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹாஜியார் மெல்ல நடந்து ரமேஸிடம் போனார். வாசல் ஈரத்தில் கிடந்த கடிதத்தைக் குனிந்து எடுத்து, தன் வெள்ளை ஜுப்பாவில் துடைத்தார்.

"என்னய மாஃப் செய் மகன். ஒன்ட வாப்பா முகத்த நான் எப்படிப் பாப்பேன்? நாளைக்கு நானே ஒன்னக் கூட்டிட்டுப் போவேன்."

"வேணாங்க ஹாஜியார்" என்றான் ரமேஸ். கண் கலங்கியிருந்தது. "பஸ் ஓட்டப் போறவன் பஸ்ஸிலயே போனாத்தான் மரியாதை."

பொலிஸ் வந்து யுகேஷைக் கொண்டு போன பிறகு, துப்பறிவாளர்களைக் கண்டியில் இறக்குகிற வேலை ரமேஸுக்கு வந்தது. மாணிக்கம் வேனின் முன்சீட்டில் கமலாசனியோடு ஒடுங்கி இருந்தான். என்ஜின் உறுமியது. வெளியே எல்லாம் அசையத் தொடங்கியது. அவன் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டான்.

"அக்கா, ஒரு சந்தேகம். இப்ப நம்ம உண்மையாவே போறோமா, இல்ல எனக்கு மட்டுந்தான் போகுதா?"

"மரத்தைப் பாருங்கோ" என்றாள் கமலாசனி.

ஜன்னலுக்குள்ளே, மூன்றாவது கதிரையில் இருந்து ஒரு தலை இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. இந்த முறை அது பிரேமிளாவின் தலை. ரமேஸ் ஒரு தரம் ஹோர்ன் அடித்தான். வேன் சாதிக்காய் மரத்தைத் தாண்டிப் போனது.